கயத்தாற்றுப் புளியமரமும் 15100-ம்

போன செமஸ்டரில் நடந்த கதை. எங்க ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பையன் ஒருத்தன் செகண்ட் ஹேண்ட் போன் ஒண்ணு வாங்கினான். பேர் வேண்டாம், மாப்ளைன்னே வச்சுக்குவோம். தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சவன் மூலமா, பில் இல்லாம, 4,500 ரூபாய். "கண்டிஷன் சூப்பர் மாப்ள"ன்னு நாங்களும் தட்டிக் கொடுத்தோம்.

மூணு வாரம் கழிச்சு ஒரு ஸ்டேஷன்ல இருந்து அழைப்பு. "தம்பி, சும்மா ஒரு விசாரணை. வந்துட்டுப் போ."

சும்மாதானேன்னு தனியாவே போனான். அது திருட்டு போன். ஐஎம்இஐ நம்பரை வச்சுப் பிடிச்சிருக்காங்க. காலைல பத்து மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தவன் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வெளிய வந்தான். வரும்போது எதுவும் எழுதாத வெள்ளைத் தாள்ல ரெண்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருந்தான். "நாளைக்கு மறுபடி வரணும், வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வா"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

அவன் அப்பா விளாத்திகுளம் பக்கம் மானாவாரி விவசாயி. அந்த வருஷம் உளுந்து போட்டிருந்தார். கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வந்து இறங்கினவர் மகனைத் திட்டலை. எங்களைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "வக்கீல் வைக்க எவ்வளவு ஆகும் தம்பி?"

சுத்தி நின்ன பத்துப் பேருக்கும் பதில் தெரியலை. லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் தெரியும், இது தெரியாது. கோவில்பட்டி கோர்ட் வளாகத்திலேயே காசு வாங்காம வக்கீல் தர ஒரு ஆபீஸ் இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியலை. அதான் இந்தக் கட்டுரை.

ஒரே ஆள், ரெண்டு விசாரணை

குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் எதுக்குன்னு புரிய, நம்ம ஊர்க் கதையே போதும்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை டூர்ல பார்த்திருப்போம் (இப்ப நிக்கிறது 1974-ல் தமிழக அரசு கட்டின நினைவுக் கோட்டை). கட்டபொம்மன் கதைன்னாலே நமக்கு வசனம்தான் ஞாபகம் வரும். அவர் மேல ரெண்டு தடவை விசாரணை நடந்தது என்பது அவ்வளவா ஞாபகம் இருக்காது.

முதல் விசாரணை 1798-ல். வரி பாக்கி தொடர்பாக கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊரா அலையவிட்டு, கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்தித்தார். உட்காரச் சொல்லாமல் மணிக்கணக்கில் நிற்க வைத்தார். அங்கே கைகலப்பு ஆகி, லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். கட்டபொம்மன் தப்பித்து ஊர் வந்து, சென்னைக் கவுன்சிலுக்குத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முறையிட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ் மூணு பேர் கொண்ட குழுவை அமைத்தார்: வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர். அவங்களும் கம்பெனி ஆட்கள்தான். ஆனால் புகார் சொன்ன ஜாக்சன் நீதிபதியாக உட்காரவில்லை. ரெண்டு தரப்பையும் கேட்ட குழு, ராமநாதபுரத்தில் நடந்ததற்குக் கட்டபொம்மன் காரணமில்லை என்றது. ஜாக்சன் பதவியை இழந்தார்.

ரெண்டாவது விசாரணை 1799 அக்டோபரில், கயத்தாற்றில். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய படையின் தளபதி மேஜர் பானர்மேன். அவரே விசாரணைக்கும் தலைமை. மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து, பார்வையாளர்களாக உட்கார வைத்தார்கள். கட்டபொம்மனுக்காகப் பேச வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. தீர்ப்பு சொன்ன கையோடு புளியமரத்தில் தூக்கு.

ஆள் ஒருத்தர்தான், ஒரு வருஷ இடைவெளிதான். முதல் தடவை புகார்க்காரர் வேற, விசாரிக்கிறவர் வேற; சொல்ல வேண்டியதைச் சொல்ல நேரமும் கிடைத்தது. ரெண்டாவது தடவை சண்டை போட்டவரே தீர்ப்பும் சொன்னார். இன்றைக்கு போலீஸ் வேற, மாஜிஸ்திரேட் வேற, நம்ம பக்கம் பேச வக்கீல் வேற என்று சட்டம் பிரித்து வைத்திருப்பது இந்த ரெண்டாவது மாதிரி விசாரணை நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஒட்டப்பிடாரத்து வக்கீல்

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஒட்டப்பிடாரம். வ.உ.சி. கப்பல் விடுறதுக்கு முன்னாடி அங்கே வக்கீல். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். ஏழைகள் மேல போட்ட கிரிமினல் வழக்குகளைக் காசு வாங்காமல் நடத்தி, போலீஸோடு உரசல் அதிகமாகி, அப்பாவே 1900-ல் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார்.

1908 மார்ச்சில் அவரே குற்றவாளிக் கூண்டில் ஏறினார். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்தது ரெண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். கயத்தாறு மாதிரி அங்கேயே கதை முடிந்திருக்கலாம். ஆனால் இந்தத் தடவை அப்பீல் இருந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். செக்கிழுத்து உடம்பு போனது வேற விஷயம்.

அவருடைய வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. பல வருஷம் கழித்து நீதிபதி வாலஸ் அதைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. சன்னத் திரும்பக் கிடைத்ததும் அவர் வந்து தொழில் நடத்திய ஊர் எது தெரியுமா? நம்ம கோவில்பட்டிதான்.

சரி, இப்ப நம்ம காலத்துக்கு வருவோம்.

ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டா

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கு. சுருக்கமா பிஎன்எஸ்எஸ். பிரிவு எண்கள் மாறியிருக்கு, அடிப்படை உரிமைகள் மாறலை.

முதல்ல, எந்த ஹோதாவில் கூப்பிடுறாங்கன்னு கேட்கணும். சாட்சியா, சந்தேக நபரா? மரியாதையா, "சார், என்ன கேஸ்? நோட்டீஸ் தருவீங்களா?"ன்னு கேட்கிறது தப்பே இல்லை. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றம்னா உடனே கைது பண்ணுறது வழக்கமாக இருக்கக் கூடாது, கைது ஏன் தேவைன்னு காரணம் எழுதணும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதுக்குப் பதிலா, பிரிவு 35(3)-ன் படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரலாம். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பினா போதாது என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

நோட்டீஸ் வந்தா ஒளியக் கூடாது. போகணும். போகாம இருந்தா அதையே காரணமா வச்சு கைது பண்ண முடியும். ஆனா தனியாப் போகாதீங்க. ஒரு வக்கீலோட, குறைஞ்சது வீட்டுப் பெரியவர் ஒருத்தரோட போங்க. தோழிகளுக்கு: பெண்களைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, இருக்கிற இடத்துக்கு வந்துதான் விசாரிக்கணும்.

வீடியோ கால்ல காக்கிச் சட்டை போட்டு, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், பணம் அனுப்புங்க"ன்னு சொன்னா? அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. கட் பண்ணிட்டு 1930-க்குச் சொல்லுங்க.

மாப்ள போட்ட வெள்ளைத் தாள் கையெழுத்துக்கு வருவோம். புலன்விசாரணையில் போலீஸ்கிட்ட கொடுக்கிற வாக்குமூலத்தில், கொடுத்தவர்கிட்ட கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்லுது (பிரிவு 181). எழுதின தாள்லயே வேண்டாம்னா, வெத்துத் தாளைப் பத்திச் சொல்லவே வேண்டாம். போலீஸ்கிட்ட "நான்தான் பண்ணினேன்"னு சொன்ன வாக்குமூலமும் கோர்ட்டில் சாட்சியமா நிக்காது. உனக்கு எதிரா நீயே சாட்சி சொல்லும்படி உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியலமைப்பின் 20(3).

கைது பண்ணினா

இந்த நேரத்துல மூளை வேலை செய்யாது. அதனால இப்பவே தெரிஞ்சு வச்சுக்கணும்.

கைது பண்ணுற அதிகாரியோட பேர் தெளிவாத் தெரியணும். கைதுக் குறிப்பு எழுதணும். அதில் குடும்பத்தினர் ஒருத்தரோ, அந்தப் பகுதிக்காரர் ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். எதுக்குக் கைதுன்னு காரணம் சொல்லணும். வீட்டுக்கோ நண்பருக்கோ தகவல் தரணும். டாக்டர் பரிசோதிக்கணும். இதெல்லாம் 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள். இப்ப சட்டத்துக்குள்ளேயே இருக்கு.

விரும்பிய வக்கீலைக் கலந்து பேசுற உரிமை அரசியலமைப்பின் 22(1)-ல் இருக்கு. விசாரணை நடக்கும்போதே வக்கீலைச் சந்திக்கலாம் (பிரிவு 38). விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்தில் உட்கார முடியாதுதான். ஆனா வக்கீல் ஒருத்தர் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறார்னு தெரிஞ்சாலே உள்ளே சூழ்நிலை மாறும்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால கொண்டு போகணும். பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. இதுதான் ரொம்ப முக்கியமான இடம். மாஜிஸ்திரேட்கிட்ட வாயைத் திறந்து சொல்லணும்: அடிச்சாங்களா, சாப்பாடு கொடுத்தாங்களா, எப்ப பிடிச்சாங்க, வக்கீல் இருக்காரா இல்லையா. இலவச வக்கீல் உரிமை இருக்குன்னு இந்த இடத்துல மாஜிஸ்திரேட்டே உங்ககிட்ட சொல்லியாகணும். 1986-ல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலை என்பதால் அந்த உரிமை இல்லாமல் போகாது என்றது.

முதல் வருஷப் பசங்க சில பேருக்கு இன்னும் 18 முடிஞ்சிருக்காது. அவங்களை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் கொண்டு போகணும். வயசுச் சான்றுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் போதும்.

காசில்லாத வக்கீல் எங்கே?

1979-ல் ஹுசைனாரா காத்தூன் என்று ஒரு வழக்கு. பீகார் ஜெயில்களில் விசாரணையே முடியாம, செஞ்சதாச் சொல்லப்பட்ட குற்றத்துக்கான தண்டனைக் காலத்தை விட அதிக நாள் கிடந்தவங்களைப் பத்தினது. வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசு வக்கீல் தரணும், அது உயிர் வாழும் உரிமையோட பகுதி என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கு.

யாருக்குக் கிடைக்கும்? காவலில் இருக்கிற யாருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம் மாதிரி பேரிடரில் சிக்கினவங்க. இவங்க யாருக்கும் வருமானக் கேள்வி கிடையாது. மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற அம்மாவுக்கும், மானாவாரியை நம்பி இருக்கிற அப்பாவுக்கும் பெரும்பாலும் இந்தக் கதவு திறந்துதான் இருக்கும்.

எங்கே போகணும்? தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு, அது கோவில்பட்டி கோர்ட் வளாகத்தில். மாவட்ட அளவில் தூத்துக்குடியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. ஹைகோர்ட் வேலைன்னா மதுரைக் கிளையில் தனிக் குழு. எதுவும் தெரியலைன்னா 15100-க்கு போன். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட இலவச எண். ஜெயிலுக்குள்ள இருந்தாலும் சிறை அதிகாரி மூலமா மனு கொடுக்கலாம். வெள்ளைத் தாள்ல தமிழ்ல நாலு வரி எழுதினா போதும். எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா அங்கேயே எழுதிக்குவாங்க.

"ஓசி வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?" இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வரும். எல்லாத் தொழில் மாதிரிதான், நல்லவங்களும் இருக்காங்க, ஏனோதானோன்னு பார்க்கிறவங்களும் இருக்காங்க. வாய்தாவுக்கு வரலைன்னா குழுவிடம் எழுதிக் கொடுத்து வேற வக்கீல் கேட்கலாம். 2022-ல் இருந்து பல மாவட்டங்களில் கிரிமினல் வழக்குகளுக்கு மட்டுமே முழுநேரமா வேலை பார்க்கிற சட்ட உதவி வக்கீல்களையும் நியமிச்சிருக்காங்க.

இதெல்லாம் தெரியாம எத்தனை பேர் உள்ளே கிடக்கிறாங்கன்னு பார்க்கணும்னா ஒரு கணக்கு: 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவங்களில் சுமார் 76 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூணு பேருக்குத் தீர்ப்பே வரலை. 60 நாள், பெரிய குற்றம்னா 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடலைன்னா ஜாமீன் தானா உரிமையாகிடும். ஆனா அதுக்கும் மனு போடணும். மனு போட வக்கீல் வேணும்.

"தப்பு பண்ணினவனுக்கு எதுக்கு வக்கீல்?"

கேன்டீன்ல இதைப் பேசினப்ப ஒருத்தன் கேட்டது இது. நியாயமான கேள்விதான். ஆனா தப்பு பண்ணினானா இல்லையாங்கிறதை யார் முடிவு பண்ணுறது? பெஞ்சில் உட்கார வச்சவரா?

நம்ம மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கு. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் தகராறு. அந்தப் போலீஸ்காரங்களுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாதுன்னு அங்க வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. 2010-ல் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தீர்மானம் எதுவும் செல்லாது, எவ்வளவு வெறுக்கப்பட்டவருக்கும் வக்கீல் உண்டு என்றது. கவனிங்க, அன்னைக்கு வக்கீல் மறுக்கப்பட்டது போலீஸ்காரங்களுக்கு. மும்பைத் தாக்குதல் கசாப்புக்கும் அரசு செலவில் வக்கீல் இருந்தார். உண்மையிலேயே குற்றவாளின்னா, வக்கீல் இருந்தும் தண்டனை கிடைக்கத்தான் செய்யும். கசாப்புக்குக் கிடைச்சது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2020 ஜூன் 19-ல் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவையும் மகனையும் ஊரடங்கில் கடை திறந்திருந்த விவகாரத்தில் பிடிச்சாங்க. மறுநாள் மருத்துவச் சான்று வாங்கியாச்சு, மாஜிஸ்திரேட் ரிமாண்டும் ஆச்சு. கொண்டு வந்து அடைச்சது நம்ம கோவில்பட்டி கிளைச் சிறையில். 22-ம் தேதி ராத்திரி மகன், 23-ம் தேதி காலையில் அப்பா, ரெண்டு பேரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தாங்க. மேலே நான் அடுக்கின படிகள் எல்லாம் காகிதத்தில் நடந்திருக்கு. ஒவ்வொரு படியிலும் "நிறுத்துங்க, இவங்களைச் சரியாப் பாருங்க"ன்னு சொல்லிக் கேட்க வைக்க ஆள் இல்லைன்னா காகிதம் உயிரைக் காப்பாத்தாது. அதுக்கப்புறம் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது, சிபிஐ விசாரிச்சது, போலீஸ்காரங்களே கூண்டில் நின்னாங்க. அவங்களுக்காகப் பேசவும் வக்கீல் உண்டு. அதுதான் சரி.

மாப்ளைக்கு என்ன ஆச்சு?

அன்னைக்கு ராத்திரி மாப்ளை அப்பாவுக்குப் பதில் சொன்னது எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர். அவங்க அக்காவோட ஜீவனாம்ச வழக்கு சட்டப் பணிகள் குழு மூலமாத்தான் நடந்ததாம். காலைல ஒன்பதரைக்கே எல்லாரும் கோர்ட் வளாகத்தில் இருந்தோம். மனு எழுதி, வக்கீல் மேடம் ஒருத்தர் கிடைக்க மதியம் ஆச்சு.

மேடம் முதல்ல கேட்டது: "காசு எப்படிக் கொடுத்த தம்பி? வித்தவன்கிட்ட என்ன பேசின?"

மாப்ள தலையைக் குனிஞ்சான். வாட்ஸ்அப் சாட் மொத்தத்தையும் முந்தின நாள் ராத்திரி அழிச்சிட்டான். "எதுக்கு வம்பு, எல்லாத்தையும் டெலிட் பண்ணிரு மாப்ள"ன்னு சொன்னது யாருன்னு கேட்காதீங்க. நான்தான். "இது போன் யாரோடதுண்ணா?", "என்னோடதுதான் தம்பி, புதுசு வாங்கிட்டேன்"னு அவங்க பேசினது எல்லாம் அதுலதான் இருந்தது. அவன் நிரபராதின்னு சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நான் அழிக்க வச்சிருக்கேன்.

நல்ல வேளை, ஜிபே கணக்கு மிஞ்சியிருந்தது. வித்தவன் பேர், தேதி, 4,500 ரூபாய், எல்லாம் அதுல இருந்தது. மேடம் அதைப் பிரிண்ட் எடுத்தாங்க. வெள்ளைத் தாள் கையெழுத்து பத்தி மேலதிகாரிக்கு அன்னைக்கே பதிவுத் தபால் போட வச்சாங்க. அப்புறம் கூடவே ஸ்டேஷனுக்கு வந்தாங்க. நேத்து ஒன்பது மணி நேரம் ஆன வேலை இன்னைக்கு நாற்பது நிமிஷத்தில் முடிஞ்சது. போனை ஒப்படைச்சு ரசீது வாங்கினோம். வழக்கில் மாப்ள பேர் சாட்சி வரிசையில் வந்தது, குற்றவாளி வரிசையில் இல்லை. திருட்டுப் பொருளை வாங்கின கேஸ் ஒண்ணு பேர்ல இருந்திருந்தா பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்ல என்ன ஆகியிருக்கும், பிளேஸ்மென்ட்ல என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மேடம் கிளம்பும்போது எங்களுக்குச் சொன்னதை அப்படியே தர்றேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க:

1. கூப்பிட்டா போகணும். தனியாப் போகக் கூடாது.
2. வெள்ளைத் தாளோ, படிக்காத தாளோ, கையெழுத்து கிடையாது.
3. சாட், கால் ஹிஸ்டரி, பணம் அனுப்பின கணக்கு, எதையும் அழிக்கக் கூடாது. அழிச்சதே ஒரு குற்றமாகலாம்.
4. வாக்குவாதம் வேண்டாம், ஓட்டம் வேண்டாம். "வக்கீலைப் பார்த்துட்டுப் பேசுறேன் சார்" போதும்.
5. "நான் பேசி முடிச்சுத் தர்றேன், பத்தாயிரம் கொடு"ன்னு வர்ற புரோக்கரை நம்பக் கூடாது.
6. வக்கீல்கிட்ட மட்டும் எதையும் மறைக்கக் கூடாது. நீங்க சொன்னதை அவங்க வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.
7. பில் இல்லாத போன், ஓனர் தெரியாத பைக், அடுத்தவனுக்கு ஏடிஎம் கார்டு, மூணுமே வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் மாப்ளை அப்பா எங்க எல்லாருக்கும் டீயும் கடலைமிட்டாயும் வாங்கிக் கொடுத்தார். வக்கீல் ஃபீஸுக்குன்னு ஊர்ல வட்டிக்கு வாங்கிட்டு வந்த பதினஞ்சாயிரம் அவர் சட்டைப் பையில் அப்படியே இருந்தது. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "அந்த நம்பரைப் பெருசா எழுதிக் குடு தம்பி. எங்க ஊர் டீக்கடையில ஒட்டணும்."

15100. பெருசா எழுதிக் கொடுத்தேன். உங்க ஊர் டீக்கடைக்கும் ஒண்ணு எழுதிடுங்க.